மலை ஏரிக்கரையில் வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையில் ஏரியைப் பார்த்த வீடு ஒன்றை நாலைந்து நாளுக்கு எடுத்துத் தங்கலாம் என்று நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. ஓட்டலில் வரவேற்பறைக்காரர் பார்த்துக்கொள்ளும் வெந்நீர், குப்பை, கரண்ட் எல்லாம் இங்கே உங்கள் தலையில்தான் விழும். அதனால் பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

விளம்பரத்தில் "ஏரி வீடு" என்று இருக்கிறது. கதவைத் திறந்தால் ஏரிதானே?

பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வகை வீடுகள் ஒளிந்திருக்கின்றன. ஏரிக்கரை வீடு என்றால் வீட்டு மனையே தண்ணீர்வரை போகும். ஏரிக்காட்சி வீட்டில் ஜன்னலிலிருந்து ஏரி தெரியும். அது இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். ஏரிக்குப் போக வழியுள்ள வீடு என்றால் பொதுப் பாதையோ, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே படகுத்துறையோ இருக்கும்.

செயற்கைக்கோள் வரைபடத்தில் வீட்டைக் கண்டுபிடித்துத் தண்ணீர்வரை அளந்து பாருங்கள். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தட்டையான வரைபடத்தில் 80 மீட்டர் என்று காட்டும் தூரத்துக்குள் 30 மீட்டர் இறக்கம் இருக்கலாம். 30 மீட்டர் என்றால் பத்து மாடி, சுமார் 175 படி. காலையில் இறங்கும்போது சுகமாக இருக்கும். ஈரத் துணியும் தூங்கிவிட்ட குழந்தையுமாக ஏறும்போதுதான் கணக்கு புரியும். உயரக்கோடுகள் காட்டும் வரைபடத்தில் வீட்டின் உயரத்தையும் ஏரி மட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். "வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்வரை எத்தனை படி, நடுவில் சாலை குறுக்கிடுகிறதா?" என்று உரிமையாளரிடம் நேராகவே கேட்கலாம். பதிலில் எண் இல்லாமல் "பக்கம்தான்" என்று வந்தால் பக்கம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் தண்ணீர் தளும்புகிறது. நாங்கள் போகும்போதும் அப்படி இருக்குமா?

முதலில் அது இயற்கை ஏரியா, அணை கட்டித் தேக்கிய நீரா என்று பாருங்கள். ஏரியின் ஒரு முனை நேர்கோடாக வெட்டியதுபோல் இருந்தால் அங்கே அணை இருக்கிறது. மின்சாரத்துக்கோ பாசனத்துக்கோ நீரைத் திறந்துவிடும் மாதங்களில் கரை நூறு மீட்டருக்கு மேல்கூடப் பின்வாங்கலாம். படகுத்துறை சேற்றில் சாய்ந்து கிடக்கும். வரைபடச் செயலிகள் சிலவற்றில் பழைய செயற்கைக்கோள் படங்களை மாத வாரியாகப் பார்க்கலாம். நீங்கள் போகும் மாதத்தின் படத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பாருங்கள். வாடகையாளர்களின் மதிப்புரைகளையும் தேதி வாரியாகப் படியுங்கள். அதே மாதத்தில் தங்கியவர் எழுதியது மற்ற இருபதைவிட உதவும்.

எந்த மாதம் போகலாம்?

நீச்சலுக்கென்றால் கோடையின் பிற்பாதி. காற்று சூடாகிப் பல வாரம் கழித்துத்தான் ஏரி சூடாகும். கோடை தொடக்கத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீரோ பனி உருகிய குளிரிலேயே இருக்கும். பனி பெய்யும் மலைகளில் உருகும் பருவத்தைத் தவிர்ப்பது நல்லது. பாதையெல்லாம் சேறு, அதற்குப் பிறகு பூச்சித் தொல்லை. மழைக்காலம் தனியாக உள்ள மலைகளில் மண்சரிவால் சாலை அடைபடும் மாதங்களை முதலில் கழித்துவிட்டு மீதியில் தேடுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வட அரைக்கோளத்தில் மலையின் வடக்குச் சரிவில் உள்ள வீட்டுக்குக் குளிர்காலத்தில் நாள் முழுக்க வெயிலே வராமல் போகலாம். மேற்கே உயர்ந்த மலை இருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கே நிழல் விழுந்துவிடும். திண்ணையில் வெயில் காயலாம் என்ற திட்டம் அதோடு போச்சு.

"எட்டு பேர் தங்கலாம்" என்கிறார்கள். நாங்கள் எட்டு பேர்தான். சரியாக இருக்குமா?

இறுக்கமாக இருக்கும். அந்த எட்டில் இரண்டு பேருக்கு கூடத்துச் சோபாவை விரித்துப் போட்டிருப்பார்கள். இன்னும் இரண்டு பேருக்கு ஏணி ஏறிப் போகும் பரண். கதவு உள்ள படுக்கையறைகள் எத்தனை, கட்டில்கள் எத்தனை, குளியலறை எத்தனை என்று மூன்றையும் எண்ணுங்கள்.

அதைவிட முக்கியம் வெந்நீர். 150 லிட்டர் தொட்டி உள்ள ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே 60 டிகிரி வெந்நீர். மலைக் குழாயில் வருவது 10 டிகிரி. இரண்டையும் கலந்து 40 டிகிரியில் குளித்தால் காகிதக் கணக்குப்படி 250 லிட்டர் கிடைக்கும். ஆனால் எடுக்க எடுக்கக் குளிர்ந்த நீர் தொட்டிக்குள் ஏறிக்கொண்டே இருப்பதால் உண்மையில் கைக்கு வருவது 190 லிட்டர் அளவுதான். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஊற்றும் ஷவரில் ஒருவர் எட்டு நிமிடம் நின்றால் 64 லிட்டர். ஆக, மூன்று பேர் குளிக்கலாம். நாலாவது ஆள் அலறுவார். தொட்டி முழுக்கக் குளிர்ந்துவிட்டால் 2 கிலோவாட் ஹீட்டர் அதை மறுபடி 60 டிகிரிக்குக் கொண்டுவர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே பாதிப் பேர் இரவிலும் பாதிப் பேர் காலையிலும் குளிப்பதாக முதல் நாளே பேசிவிடுங்கள். தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்கத் தயங்க வேண்டாம். உரிமையாளருக்குத் தெரியாவிட்டால் ஹீட்டரின் பக்கவாட்டு லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது கழிவுநீர். ஏரியோரத் தனி வீடுகளில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். ஆறு பேருக்குக் கட்டியதில் பத்து பேர் நாலு நாள் தங்கி, ஒரே காலையில் எல்லோரும் குளித்து, துணி இயந்திரத்தையும் ஓடவிட்டால் தண்ணீர் மண்ணில் இறங்க நேரம் கிடைக்காது. கீழ்த்தளக் குளியலறை வடிகாலில் களகள என்று சத்தம் வருவதுதான் முதல் அறிகுறி. உடனே தண்ணீர் புழக்கத்தை நிறுத்தி உரிமையாளருக்குச் சொல்லுங்கள். ஈரத் துடைப்பான், நாப்கின், சமையல் எண்ணெய் மூன்றும் கழிவறைக்குள் போகவே கூடாது. பாக்கெட்டில் 'கரையும்' என்று அச்சிட்டிருந்தாலும் போடாதீர்கள்.

பணம் கட்டுமுன் உரிமையாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

சுத்தம் செய்யும் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகை. முன்வைப்புத் தொகை எத்தனை நாளில் திரும்பும். ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு கிடைக்கும். சாலை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியாகக் கேளுங்கள். மலையில் இது நடக்கக்கூடியது, பல ஒப்பந்தங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பயணக் காப்பீடு எடுக்கிறவர்கள் கவனிக்க: "வானிலை சரியில்லை, மனம் மாறிவிட்டது" என்பதற்குச் சாதாரணக் காப்பீடு பணம் தராது.

பிறகு வீட்டைப் பற்றி: வீடு கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், கடைசி ஒரு கிலோமீட்டர் தார் சாலையா மண் சாலையா, கரண்ட் போனால் மாற்று என்ன, தண்ணீர் கிணறா ஊற்றா ஏரியா, படகும் லைஃப் ஜாக்கெட்டும் வாடகையில் சேர்த்தியா. தொலைபேசியில் பேசினாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் பேசும்.

விளம்பரம் போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படங்களையே தேடுபொறியில் ஏற்றி, அவை வேறு எங்கே வந்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அதே வீடு வேறு ஊர்ப் பெயரில் வந்தால் விலகிவிடுங்கள். ஜன்னல் வழியே தெரியும் மலை முகடும் செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்த இடத்தின் மலையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதி. முன்பதிவுத் தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் தள்ளுபடி என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வெளியே கட்டிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.

உயரம் உடம்பைப் பாதிக்குமா?

2500 மீட்டருக்குக் கீழே பெரும்பாலோருக்கு மூச்சு வாங்குவதோடு சரி. அதற்கு மேல் தூங்கினால் உயர நோய் வரலாம்: தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை. சமவெளியிலிருந்து ஒரே நாளில் 3000 மீட்டருக்குப் போய்ப் படுப்பது நல்ல யோசனை இல்லை. வழியில் நடு உயரத்தில் ஓர் இரவு தங்குங்கள். 3000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறிகளின் கணக்கு. முதல் இரண்டு நாள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். தலைவலியோடு தள்ளாட்டமோ, குழப்பமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் அந்த நேரமே கீழே இறக்க வேண்டும், நள்ளிரவாக இருந்தாலும். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்பதிவுக்கு முன்பே மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சமையல் ஏன் வேகவே மாட்டேன் என்கிறது?

தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால்தான். சுமார் 300 மீட்டர் ஏற ஏறக் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 2000 மீட்டரில் 93 டிகிரி, 3000 மீட்டரில் 90. பானை தளதளவென்று கொதிக்கும், உள்ளே பருப்பு கல்லாகவே கிடக்கும். தீயைக் கூட்டிப் பயனில்லை. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். பயறு, பருப்பு, கிழங்கு வேக வைக்கப் பிரஷர் குக்கர் தேவை. வாடகை வீட்டுச் சமையலறையில் அது இருக்கும் என்று நம்பாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள். குக்கரிலும் 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 5 சதவீத நேரம் கூட்ட வேண்டும். 2000 மீட்டரில் வழக்கத்தைவிடக் கால் பங்கு அதிகம். பயறுகளை முதல் இரவே ஊறப்போட்டுவிடுங்கள்.

கார் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

டர்போ இல்லாத இன்ஜின் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீத இழுவையை இழக்கும். ஆள் நிரம்பி, கூரையில் சாமானும் ஏற்றிய சின்ன கார் கொண்டை ஊசி வளைவில் திணறுவது அதனால்தான். அடிவாரத்தில் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; வேகத்தை இன்ஜின் பிடிக்கட்டும். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வந்தால் கருகிய வாசனை வரும், பெடல் பஞ்சுபோல் அமுங்கும், பிறகு பிடிக்காது. வாசனை வந்ததும் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் விரிசல் விடும். மின்சாரக் காரை மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமிருக்காது, வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையும் சாதாரண பிரேக்கின் மேல் விழும்.

இரவுக் குளிருக்குக் கணப்படுப்பை நம்பலாமா?

நம்பலாம், பற்றவைக்கத் தெரிந்தால். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். அதனால் கோடையிலும் இரவில் அடுப்பு தேவைப்படலாம். முதலில் புகைபோக்கியின் உள்மூடியைத் திறந்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நாள்கணக்கில் எரியாத புகைபோக்கிக்குள் கனமான குளிர்காற்று நிற்கும். நேராக விறகைப் பற்றவைத்தால் புகை முழுக்க அறைக்குள் திரும்பும். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கி வாய்க்கு நேரே ஒரு நிமிடம் பிடியுங்கள். சுடர் மேலே இழுபடத் தொடங்கியதும் அடுப்பை மூட்டலாம். ஈர விறகு சீறும், புகையும், கரி படியும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் டங்கென்று ஒலிக்கும் காய்ந்த விறகையே எடுங்கள். விறகை அந்த ஊரிலேயே வாங்குங்கள். தொலைவிலிருந்து கொண்டுபோனால் மரத்தைத் துளைக்கும் பூச்சிகளும் கூடவே போகும்.

கரி அடுப்பையோ, தோட்டத்து கிரில்லையோ, ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளும் மூடிய வராந்தாவிலும் வைக்கவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் தலைசுற்றலும் வந்து, வெளியே போனால் சரியாகிறதென்றால் அதுதான். எல்லோரும் வெளியேறி, அங்கிருந்தே அவசர உதவியை அழையுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் உள்ளங்கை அளவுதான். ஒன்று வாங்கிக் கையோடு கொண்டுபோய்ப் படுக்கையறைப் பக்கம் வைத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பொருளை வாங்கச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வோம்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

ஊற்றோ ஏரித் தண்ணீரோ என்றால் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஏரியின் மேலே பச்சையாகப் படர்ந்திருக்கிறது. இறங்கலாமா? நாயை விடலாமா?

ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். நீளமான நாராகத் தொங்கினால் சாதாரணப் பாசி. பெயிண்ட் பூசியதுபோல் குச்சியில் ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். யாரும் இறங்க வேண்டாம். அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. நாய்க்கு ஆபத்து அதிகம்: தண்ணீரைக் குடிக்கும், கரையேறி ரோமத்தையும் நக்கும், சில மணி நேரத்தில் செத்தும் போகலாம்.

வெயில் நன்றாக அடிக்கிறது. ஏரியில் குதிக்கலாம்தானே?

குதிக்காதீர்கள், இறங்குங்கள். 15 டிகிரிக்குக் கீழ் உள்ள நீரில் உடம்பு திடீரென்று மூழ்கினால் மூச்சு தன்னிச்சையாக உள்ளே இழுக்கும். தலை அப்போது நீருக்கடியில் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். நன்றாக நீந்துபவர்களும் இப்படித்தான் மூழ்குகிறார்கள். குளிர்நீர் மீட்பில் ஒன்று, பத்து, ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். தவறி விழுந்தவர் முதல் நிமிடத்தில் நீந்த முயலாமல் மிதந்து மூச்சைச் சரிசெய்ய வேண்டும். லைஃப் ஜாக்கெட் அந்த நிமிடத்துக்காகத்தான்.

இன்னொன்று: கோடையில் மேல்பரப்பு 20 டிகிரி இருக்கும், சில மீட்டர் கீழே போனால் சட்டென்று 10க்கு இறங்கும். ஆழ ஏரிகளில் வெயிலில் சூடேறிய நீர் மேலே தனி அடுக்காக மிதக்கிறது. கரையேறிய பிறகும் உடம்பின் வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே முதலில் ஈரத்தைக் களைந்து உலர்ந்த உடை, பிறகு சூடாக ஏதாவது குடிப்பது. உடனே வெந்நீர் ஷவருக்குள் ஓடினால் மயக்கம் வரலாம்.

படகு, கயாக் எடுக்க எந்த நேரம் நல்லது?

காலை. பகலில் சரிவுகள் சூடாக ஆக, பள்ளத்தாக்குக் காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும்; பிற்பகலில் ஏரி அலையடிக்கும், இடிமேகமும் அப்போதுதான் திரளும். புறப்படும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். ஊதி மிதக்கவிடும் மெத்தைகளை இழுத்துக்கொண்டு போகக் கொஞ்சம் காற்றே போதும். அவை குளத்து விளையாட்டுப் பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவென்றால் கரைக்கு வந்து கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். சொந்தப் படகோ கயாக்கோ கொண்டுபோனால் வேறு ஏரித் தண்ணீரை வடித்து, கழுவி, காயவைத்துக் கொண்டுபோங்கள்.

குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் நடக்கலாமா?

ஒருவர் நடக்கத் தெளிவான, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் வேண்டும். வெள்ளையாகத் தெரிவது பாதி வலுதான். ஓடை ஏரியில் கலக்கும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் எப்போதும் மெலிதாக இருக்கும். துளையிட்டு அளந்த ஊர்க்காரர் சொன்னால் ஒழியப் போகாதீர்கள்.

எதை மறக்கக் கூடாது?

சன்ஸ்கிரீன்: 1000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குளிர்காற்றில் தோல் கருகுவதே தெரியாது. தலையில் மாட்டும் டார்ச், உலர்ந்த செருப்பு, முதல் நாள் சாப்பாட்டுக்கான சாமான். ஷாம்பு பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மேலே போகப் போக உள்ளே உள்ள காற்று விரிந்து மூடியைத் தள்ளும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிவைத்து, கதவுப் பூட்டின் எண்ணைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் வாட்ஸாப்பில் இருக்கும், வாசலில் சிக்னல் இருக்காது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் என்ன செய்வது?

பையைப் பிரிப்பதற்கு முன் அறை அறையாக வீடியோ எடுங்கள். கீறல், கறை, உடைந்த கைப்பிடி எல்லாம் பதிவாகட்டும். புகை அலாரத்தை அழுத்திச் சோதியுங்கள். தண்ணீர் மெயின் வால்வும் கரண்ட் பலகையும் எங்கே என்று இரண்டு பேர் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் ஏரிப் பக்கக் கதவுக்கு உயரமான தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரோரம் சின்னக் குழந்தை ஒரு பெரியவரின் கைநீட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். வீட்டு முகவரியையும் அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஆகும் நேரத்தையும் குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

இரவில் திண்ணையில் பேசும்போது குரலைத் தாழ்த்துங்கள். ஏரிமேல் படியும் குளிர்காற்று ஒலியை மேலே போகவிடாமல் வளைத்துக் கீழே அனுப்பும். எதிர்க்கரைக்காரருக்கு உங்கள் குடும்ப வழக்கு முழுதாகக் கேட்கும்.

கிளம்பும்போது முன்வைப்புத் தொகை எதனால் பிடிக்கப்படுகிறது?

பெரும்பாலும் குப்பையாலும் சாம்பலாலும். குப்பையை வெளியே பையில் வைத்தால் இரவில் விலங்குகள் பிரித்துப் போட்டுவிடும். மூடி பூட்டும் தொட்டியில் போடுங்கள், இல்லையென்றால் காரில் எடுத்துச் செல்லுங்கள். சாம்பலுக்குள் தணல் மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டுவதும், உலோக வாளியை மரத் தளத்தின் மேல் வைப்பதும் வீட்டையே எரித்துவிடும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கிளறி, வெறும் மண் தரையில் வையுங்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை முழுக்க அணைத்துவிட்டுப் போனால் குழாய் உறைந்து வெடிக்கும். 13 டிகிரியில் விட்டுப் போங்கள். கடைசியாக வீடியோவை மறுபடி ஒருமுறை எடுத்து, மீட்டர் அளவையும் அதில் காட்டி, சாவி வைத்த இடத்தோடு சேர்த்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுங்கள்.